அலைச்சறுக்குக்குத் தடை வேண்டாம். முதல் பாடம் மணலில் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் கடற்கரைகளில், பலகைமேல் நின்று அலையில் சறுக்கி வரும் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) விளையாட்டை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று, இரு வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அது வெள்ளைக்காரர் விளையாட்டு, வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, எமனை வலியப் போய் அழைக்கும் வீண் துணிச்சல் என்பவை அவர் அடுக்கிய காரணங்கள். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடந்த மாசி மாதத்தில், என் 59-ஆம் வயதில், மணப்பாட்டுக் கடலில் அந்த விளையாட்டின் முதல் பாடத்தைக் கற்றுக்கொண்டவள் நான். அவர் எந்த ஆபத்துக்கு அஞ்சுகிறாரோ, அந்த ஆபத்தை மக்களுக்கு அடையாளம் காட்டும் பாடத்தையே நிறுத்தச் சொல்கிறார் என்று எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். குறுக்குத்துறைப் படித்துறையில் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நீந்தப் பழகியதால் தண்ணீர் எனக்குப் புதிதன்று. கடல் மட்டும் புதிது. திருச்செந்தூரிலும் உவரியிலும் கால் நனைத்ததோடு சரி. என் தம்பி மகன் மணப்பாட்டில் நண்பர்களோடு பலகை ஏறப் பழகிவிட்டு வந்து, "அத்தை, போர்டுல படம் போட்டே எத்தனை வருசம் அலையைச் சொல்லிக் குடுத்திய, ஒருநாள் வந்து ஏறிப் பாருங்க" என்று சீண்டியதுதான் தொடக்கம். விடியுமுன் கிளம்பி உடன்குடி வழியாக மணப்பாட்டை அடைந்தோம். 1986-இல் மாவட்டம் பிரிந்து மணப்பாடு தூத்துக்குடியோடு போய்விட்டபோதிலும் எங்கள் தலைமுறைக்கு அது இன்றும் நெல்லைச் சீமைக் கடற்கரைதான். சிலுவைக் கோயில் நிற்கும் மணற்குன்று கடலுக்குள் துருத்திக்கொண்டிருப்பதால், ஒரு பக்கம் அலை ஓங்கியிருக்கும்போதும் மறுபக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். புதியவர்களுக்கு அந்த அடங்கிய பக்கம்தான்.

பயிற்சி தந்தவர் அவ்வூர் மீனவர் குடும்பத்து இளைஞர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கலாம். நான் நீந்துவேனா என்று முதலில் கேட்டார். தாமிரவருணியில் நீந்திய பெருமையைச் சொன்னேன். "ஆத்துத் தண்ணி ஒரு பக்கமாத்தான் போவும் டீச்சர், இது எல்லாப் பக்கமும் போவும்" என்றவர், அலை அடிக்காத நீரில் சிறிது தூரம் நீந்திக் காட்டச் சொன்ன பிறகே பேச்சைத் தொடர்ந்தார். பலகையையாவது உடனே கையில் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கச் சொன்னார். எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது. "என்னத்துக்கு அவசரப்படுதிய?" என்று சிரித்தார்.

அந்த அரை மணி நேரத்தைத்தான் தடை கோரும் அன்பர் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். கரையோரம் நெடுக வெள்ளை நுரையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் பத்துப் பன்னிரண்டடி அகலத்தில் ஓரிடம் மட்டும் நுரையில்லாமல், சற்றுக் கறுத்து, அமைதியாகக் கிடந்தது. குளிப்பதானால் எங்கே இறங்குவீர்கள் என்று அந்த இளைஞர் கேட்டார். அந்த அமைதியான இடத்தைக் காட்டினேன். குழந்தையோடு வரும் எவரும் அதைத்தான் காட்டுவார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல், அங்கே கிடந்த இரண்டு தேங்காய் மட்டைகளை எடுத்து, ஒன்றை நுரையிலும் மற்றொன்றை அந்தக் கறுத்த நீரிலும் வீசினார். நுரையில் விழுந்தது உருண்டு புரண்டு என் காலடிக்கே வந்து சேர்ந்தது. மற்றது, கயிறு கட்டி யாரோ இழுப்பதைப் போலக் கடலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. நான் நூறு எண்ணுவதற்குள் அலை உடையும் கோட்டையும் தாண்டிவிட்டது. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் திரும்பிச் செல்ல ஒரு வழி வேண்டும். அது பள்ளமான இடத்தைத் தேர்ந்துகொள்கிறது. அங்கே ஆழம் கூடுதல் என்பதால் அலை உடைவதில்லை, ஆகவே அமைதியாகத் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் நான் நடத்திய செய்திதான். ஆயினும் கண்ணெதிரே இருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் அதை 'இழுப்பு' என்றார். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நுரை இருக்கும் இடத்துக்கு வந்து, அலையோடு சேர்ந்து கரையேற வேண்டும் என்பதை மூன்று முறை என் வாயாலேயே சொல்ல வைத்தார்.

அதன் பிறகுதான் பலகை வந்தது. ஏறத்தாழ ஒன்பதடி நீளம். மேலே மெத்தென்ற நுரைப்பூச்சு. அடியில் வால் பக்கம் மூன்று சிறு செட்டைகள். எந்தக் கால் முன்னால் நிற்க வேண்டும் என்பதைக் கண்டறிய, நான் எதிர்பாராத நேரத்தில் முதுகில் தள்ளும்படி என் தம்பி மகனுக்குச் சைகை காட்டியிருக்கிறார். தடுமாறியபோது இடது கால் தானாக முன்னே போனதால், வலது கணுக்காலில் பலகையின் கயிறு கட்டப்பட்டது. பின்னர் மணலில் விரலால் ஒரு பலகையை வரைந்து, அதன்மேல் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவி, உள்ளங்கைகளை விலாவருகே ஊன்றி, முழங்கால் தரையில் படாமல் ஒரே வீச்சில் எழுந்து நிற்கப் பழக்கினார். முழங்காலை ஊன்றுவதுதான் என் வயதுக்கு வரும் இயல்பு. ஊன்றினால் அங்கேயே மாட்டிக்கொள்வோம், நிற்பதற்குள் அலை போய்விடும். பன்னிரண்டு முறை எழுந்திருப்பேன். வாயெல்லாம் மணல். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீரில் இடுப்பளவுக்கு மேல் போகவில்லை. புதியவர்கள் ஏறுவது உருண்டு எழும் பச்சை அலையன்று. உடைந்து முடிந்து கரைக்கு வரும் நுரை அலை. பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பிடிக்காதீர்கள், அலை அதை உங்கள் மேலேயே வீசும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் பரப்பாக விழுங்கள். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு வாருங்கள் என்பவை அங்கே சொல்லப்பட்ட விதிகள். முதல் அலையில் நான் பலகையின் முன்பக்கம் அதிகமாகப் படுத்திருந்ததால் அதன் மூக்கு நீரில் குத்தி, நானும் பலகையும் குட்டிக்கரணம் அடித்தோம். அடுத்ததில் பயந்து பின்னுக்குத் தள்ளிப் படுத்தேன். அலை எங்களை விட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் ஒரு சாண்கூட இருக்காது. பலகையின் மூக்கு நீர்மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்குமாறு படுத்தால் சரி என்பது ஐந்தாறு முறை உப்புத்தண்ணீர் குடித்த பிறகே உடம்புக்குப் புரிந்தது. எழுந்தவுடன் காலைப் பார்ப்பதும், பார்த்த திசையிலேயே கவிழ்வதுமாக இன்னும் சில அலைகள் கழிந்தன. "கீழ பாக்காதிய டீச்சர், கோயிலப் பாருங்க" என்று கத்தினார். குன்றின் மேலிருந்த சிலுவையைப் பார்த்தேன். நின்றுவிட்டேன். நான்கு எண்ணும் நேரம் இருக்கும். காலடியில் நுரை 'உஸ்' என்று சீறும் ஓசை மட்டும் கேட்டது. அலை, தன் உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வரும்போது உடையும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிப் போட்ட நான், அதன் முதுகில் நின்றது அந்த நான்கு நொடிதான்.

இனி அன்பரின் காரணங்களுக்கு வருகிறேன். இது வெள்ளைக்காரர் விளையாட்டன்று. ஹவாய்த் தீவுகளின் பழங்குடிகள் அரசரும் குடிகளுமாக ஆடியது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற பாதிரிமார்கள் முகம் சுளித்ததால் தேய்ந்து, பின்னர் அத்தீவினராலேயே மீட்கப்பட்டது. 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹனமோக்கு என்ற ஹவாய்க்காரர்தான் அதை வெளிநாடுகளில் பரப்பியவர். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'ஹேஎ நலு'. அலையில் சறுக்குதல் என்றே பொருள் வரும். நம்முடைய அலைச்சறுக்கு என்ற சொல், தெரிந்தோ தெரியாமலோ மூலத்துக்கு அவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கிறது. தவிரவும், கட்டுமரத்தில் துடுப்போடு நின்று, பின்னால் வரும் அலையைப் பார்த்துக் கணித்து அதன் மேலேறிக் கரைசேர்ந்த பரதவரின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டை அந்நியம் என்று சொல்வது எவ்வகையில் பொருந்தும்? 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நம் மாமல்லபுரத்திலேயே நடந்தது.

ஆபத்து என்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. 2024 மே மாதத்தில் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அவர்கள் எந்தப் பலகையிலும் ஏறவில்லை, அலையில் இழுத்துச் செல்லப்பட்டவர்கள். உள்ளூரில் காற்றே இல்லாதபோதும், தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பெருங்கடலில் அடித்த புயல் கிளப்பிய அலைகள் திடீரென்று கரையேறுவதைக் கேரளத்தார் 'கள்ளக்கடல்' என்பார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. மீனவர்களுக்கு அது போய்ச் சேர்கிறது. விடுமுறைக்கு வேனில் வந்து இறங்குகிற நமக்குத்தான் சேர்வதில்லை. எனக்குப் பயிற்சி தந்த இளைஞர், கைபேசியில் அன்றைய எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் எங்களை வரச் சொன்னதாகச் சொன்னார்.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை என்பதும் உண்மை. என் தம்பி மகன் முன்பு வேறோர் ஊரில் பணம் கட்டிப் போனபோது, மணல் பயிற்சி எதுவும் இல்லாமல், காலில் கயிறுகூடக் கட்டாமல் பலகையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பலகை தனியே பறந்து போய் ஒரு சிறுவனின் தோளில் இடித்திருக்கிறது. அன்பர் தடுக்கச் சொல்ல வேண்டியது இந்த மாதிரியான வியாபாரத்தை. நீச்சல் சோதித்துப் பார்க்காமலும், கணுக்காலில் கயிறு இல்லாமலும், உயிர்காக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் உடன் இறங்காமலும் எவரும் பாடம் நடத்தக் கூடாது என்று இரு மாவட்ட நிர்வாகங்களும் விதி செய்யலாம். உவரி, மணப்பாடு, கூடுதாழை போன்ற ஊர்களில் விருப்பமுள்ள மீனவ இளைஞர்களுக்கு முதலுதவியும் மீட்புப் பயிற்சியும் அளித்துச் சான்றிதழ் கொடுத்தால், இந்தப் பாடமும் அவர்கள் கையில் இருக்கும், கரையில் உயிர்காக்கும் ஆளும் கிடைப்பார். கள்ளக்கடல் எச்சரிக்கையைக் கோயில் ஒலிபெருக்கிகளிலும், வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு பலகையிலும் தமிழில் அறிவிப்பதற்குப் பெரிய செலவு ஆகிவிடாது. அதே பலகையில் அந்தக் கறுத்த நீரின் படம் ஒன்றையும் வரைந்து வைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் ஈரத்துணி மாற்ற அந்தக் கரையில் எனக்கு ஒரு மறைவிடம் கிடைக்கவில்லை. அந்த இளைஞரின் தாயார்தான் தம் வீட்டுக்கு அழைத்துப் போய், குடத்து நல்ல தண்ணீரை என் தலையில் ஊற்றி, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். தோளும் விலாவும் அடித்துப் போட்டதுபோல் வலித்தன. "கடத்தண்ணிய நல்லாக் குடிச்சியளோ?" என்று கேட்டுச் சிரித்தவர், தாம் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை என்றார். மகன் ஊரார் எல்லாருக்கும் கற்றுக் கொடுக்கிறானே, உங்களுக்குச் சொல்லித் தரவில்லையா என்றேன். "பொம்பளைக்கு எதுக்கு டீச்சர்?" என்று சொல்லிவிட்டு, சிறிது நேரம் கழித்து, அந்தப் பலகையில் நிற்கும்போது பயமாக இருந்ததா என்று மெல்லக் கேட்டார். விளையாட்டு ஆணையமோ மீன்வளத் துறையோ இக்கரைகளில் பயிற்சி தொடங்க முன்வருமானால், முதல் வகுப்பைக் கடற்கரை ஊர்களின் பெண்களுக்கும் மாணவியருக்கும் ஒதுக்கித் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் ஆள் குறைந்தால் மறுபடியும் மணல் தின்ன நான் வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.