பல்லுல இருக்குற சீழ் நெஞ்சு வரைக்கும் இறங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்வலியில யாராவது சாவாங்களான்னு கேட்டு சிரிக்கிறாங்க. ஜி.எச். சர்ஜரி வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ நான், சாவாங்கங்க.

கீழ்த்தாடையில கடைசி ரெண்டு கடைவாய்ப்பல்லோட வேர் ரொம்ப கீழ இறங்கியிருக்கும், அங்க சீழ் கட்டுனா நாக்குக்கு அடியிலயும் தாடைக்கு அடியிலயும் பரவி கழுத்து கட்டை மாதிரி கெட்டியா வீங்கிடும். லுட்விக் ஆஞ்சைனான்னு சொல்லுவாங்க, லுட்விக்ங்கிற ஜெர்மன் டாக்டர் 1836லயே எழுதி வச்சது. அப்பவும் கவனிக்கலன்னா தொண்டைக்குப் பின்னாடி இருக்குற இடைவெளி வழியா நெஞ்சுக்குள்ள இறங்கிடும். அங்க ஒரு இடைவெளிக்கு டாக்டருங்க வச்ச பேரே டேஞ்சர் ஸ்பேஸ்தான், உதரவிதானம் (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) வரைக்கும் தடுப்பே கிடையாது, அதுல நாம மூச்சு இழுக்கிறப்ப நெஞ்சு வேற சீழை கீழ உறிஞ்சும். இதயம், உணவுக்குழாய், பெரிய ரத்தக்குழாய் எல்லாம் இருக்குற இடம் அது. 1980கள்ல வந்த ரிப்போர்ட்டுல இந்த நிலைக்குப் போனவங்கள்ல நூத்துக்கு 40 பேர் கிட்ட செத்திருக்காங்க, இப்ப சி.டி. ஸ்கேன், ஐசியு எல்லாம் வந்து குறைஞ்சிருக்கு, ஆனாலும் வெறும் மாத்திரையில போறது இல்ல, கழுத்தையும் சில பேருக்கு நெஞ்சையும் திறந்து சீழை எடுக்கணும், பல்லையும் புடுங்கணும்.

நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, மெடிக்கல் ஷாப்ல வலி மாத்திரையும் ரெண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக்கும் வாங்கிப் போட்டுக்கிறாங்க, வலியும் காய்ச்சலும் அமுங்கிடுது, சொத்தைப்பல் அங்கேயேதான் இருக்கு. பல்லைப் புடுங்குனா கண்ணு போயிடும்னு வேற ஒரு பயம் (அப்படியெல்லாம் ஆகாதுன்னு எத்தனை பேருக்கு சொல்லி அலுத்துட்டேன்). சுகர் இருக்குறவங்களுக்கு இது இன்னும் வேகமா பரவும்.

2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, நல்ல விஷயம். அப்படி மாத்திரை கொண்டு வர்றவங்க பல்லு வலிக்குதா, கன்னம் வீங்கியிருக்கான்னு சேர்த்து கேட்டு பல் டாக்டர்கிட்ட அனுப்பலாமே, அரை நிமிஷ வேலை. வாய் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, தாடைக்கு அடியில வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இதுல எது வந்தாலும் ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போகணும்னு மெடிக்கல் ஷாப் வாசல்ல ஒரு போஸ்டர் ஒட்டச் சொல்லி சுகாதாரத்துறை உத்தரவு போடட்டும்.

இப்படிக்கு,
ரிட்டயர்டு நர்ஸ் ஒருவர்,
தஞ்சாவூர்