ஆறாவது ஆட்டம் வேண்டாம்

கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் பேசியபோது அம்மா பக்கத்திலேயே இருந்தாள். அதனால் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

ரூம் நண்பனோடு ஐந்து நிமிஷ செஸ், 100 ரூபாய் பந்தயம், தோற்றால் அடுத்தது டபுள் என்றாய். 100, 200, 400, 800, 1600. ஐந்து ஆட்டத்தில் 3100 போயிற்று. "ஆறாவது 3200-ப்பா, ஒண்ணு ஜெயிச்சா எல்லாம் வந்துரும்" என்றாயே, அந்தக் குரல்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கணக்கைப் பார். ஜெயித்தால் விட்டது போக மிஞ்சுவது 100. தோற்றால் 6300 கடன். காசைச் சுண்டினாலாவது பூவா தலையா பாதிக்குப் பாதி. செஸ்ஸில் அப்படி இல்லை. ஐந்தும் வரிசையாகத் தோற்றிருக்கிறாய் என்றால் அவன் உன்னைவிட நன்றாக ஆடுகிறான். ஆறாவதில் அவன் ஆட்டம் மாறாது. உன் ஆட்டம்தான் கெடும்.

எனக்கு இது தெரியும். 1994-இல் ஐஸ் ஃபேக்டரி வேலை. ஷிப்ட் முடிந்ததும் துறைமுகம் போகிற வழியில் டீக்கடை பெஞ்சில், வலை பின்னும் பெரியவர் ஒருவரோடு ஆடுவேன். தொலைந்துபோன சிப்பாய்க்குப் பதில் ஒரு சோடா மூடி. பந்தயம் 5 ரூபாய். இரண்டு நாள் நான்தான் ஜெயித்தேன். மூன்றாம் நாள் தோற்றதும் டபுள் கேட்டது நானேதான். 40 வரைக்கும் அவர் டீ குடித்துக்கொண்டே காய் நகர்த்தினார். 80 என்றதும் டம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் பலகையைத் துடைத்தார். குதிரையை வைத்தவர் விரலை எடுக்காமல் பலகை முழுவதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார். எனக்கோ கை வேர்த்து ராணி வழுக்கியது. 160-க்கு ஆடும்போது அவசரத்தில் யானையைச் சும்மா கொடுத்தேன். ஆறு ஆட்டத்தில் மொத்தம் 315 ரூபாய். அந்த மாதம் உன் அக்காவுக்குப் பால்மாவு கடனில்தான் வாங்கினேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பகடை உருட்டி ஆடும் பேக்கமன் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. அதிலும் நடுவில் டபுள் கேட்பார்கள். ஆனால் எதிராளி வேண்டாம் என்றால் அப்போதிருக்கிற பந்தயத்தைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். நாலில் ஒரு பங்காவது ஜெயிக்க வழி இருந்தால்தான் ஒத்துக்கொள்வது சரி என்பது அங்கே கணக்கு. காசு வைத்தே ஆடுகிறவர்கள்கூட எழுந்துபோக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் வைக்கவில்லையே, தம்பி.

செஸ்ஸை விடு என்று சொல்ல மாட்டேன். உனக்குக் காய் வைக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவனோடு ஆடு, காசில்லாமல் ஆடு, தோற்ற ஆட்டத்தை எழுதி வைத்துப் பார். எங்கே விடுகிறாய் என்று எனக்கும் சொல்.

அந்த 3100-ஐ இந்தச் சம்பளத்திலேயே அவனிடம் கொடுத்துவிடு. வாடகைக்கு இடித்தால் போன் பண்ணு, அனுப்புகிறேன். அம்மாவிடம் உன் கதையையும் என் கதையையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா