இளையோர் கால்பந்து லீக்: பெற்றோர் கவனத்திற்கு

தருமபுரி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். தேசிய இளையோர் லீக்கில் ஆடும் அகாடமிகளில் நம் மாணவர்கள் சிலர் இந்த ஆண்டு பெயர் பதிய இருக்கிறார்கள். பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த பிள்ளைகூட சான்றிதழில் சிக்கி வெளியே நிற்க நேர்வதுண்டு. அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர் இல்லாமல், 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்த்து வாங்குங்கள். பிறகு அதை ஆதாருடனும் பள்ளிப் பதிவேட்டுடனும் ஒப்பிடுங்கள். தேதி மட்டுமல்ல, இனிஷியலும் எழுத்துக்கூட்டலும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைக்கட்டும் என்று மே, ஜூனில் ஏதோ ஒரு தேதியைச் சொல்லிச் சேர்த்தவர்கள் இப்போதே அலுவலகத்துக்கு வந்து பேசுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த முடியும்; எது சரி என்று முடிவு செய்யாமல் இ-சேவை மையத்துக்கு ஓட வேண்டாம்.

பள்ளிச் சேர்க்கைக்கு நாம் ஜூனைக் கணக்கு வைக்கிறோம். கால்பந்தில் வயது ஜனவரி 1 முதல் எண்ணப்படும். ஆகவே டிசம்பரில் பிறந்த பையன், தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்தவனோடு ஒரே பிரிவில் மோதுவான். பன்னிரண்டு வயதில் அந்த இடைவெளி உயரத்திலும் வேகத்திலும் நன்றாகவே தெரியும். 'கொஞ்சம் தேதியை மாற்றினால் என்ன?' என்ற எண்ணம் எழும் இடமும் அதுதான். தயவுசெய்து வேண்டாம். சிறு வயதுப் பிரிவுகளில் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்க்கும் டிடபிள்யூ 3 சோதனை நடப்பதுண்டு. தகுதியில்லாத ஒருவரை இறக்கினால் வென்ற ஆட்டமும் 3-0 என எதிரணிக்குப் போய்விடும். அதே நேரம், எலும்பு சீக்கிரம் முதிர்ந்ததால் சரியான வயதுள்ள பிள்ளையும் இந்தச் சோதனையில் தவறலாம். அப்படி நேர்ந்தால் அவனைப் பொய்யனாகப் பார்க்காதீர்கள்.

அடுத்தது ஷூ. நம் பக்கத்துச் செம்மண், சரளை மைதானங்களில் நீளமான ஸ்டட், அதாவது ஷூவுக்குக் கீழே இருக்கும் முட்கள், மண்ணில் இறங்காது. அடி முழுக்க குதிகாலுக்கு வரும். வளரும் வயதில் அங்கே எலும்பு முழுதாக ஒட்டியிருக்காது. ஆட்டம் முடிந்ததும் குதிகாலை ஊன்றாமல் நடந்தால் ஓய்வு கொடுங்கள். தைலம் தேய்த்து மறுநாளே அனுப்பாதீர்கள். இங்கே பயிற்சிக்குச் சிறு ரப்பர் முட்கள் கொண்ட டர்ஃப் ஷூ போதும். புல்தரையில் ஆட மட்டும் ஸ்டட் ஷூ வாங்குங்கள். மாலை நேரத்தில், ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். விரல் நுனிக்கு முன் அரை அங்குல இடம் இருந்தால் சரி. 'அடுத்த வருஷமும் ஆகும்' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் கொப்புளமும் சுளுக்கும்தான் மிச்சம்.

முழங்காலுக்குக் கீழே முன்காலைக் காக்கும் ஷின் கார்டு இல்லாமல் களத்தில் விடமாட்டார்கள். கைக்கயிறு, காப்பு, கம்மல், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மேலே டேப் ஒட்டி மறைப்பதும் விதிப்படி செல்லாது. வேண்டுதல் கயிறாக இருந்தால் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், மைதானத்து ஓரத்தில் நடுவரோடு வேண்டாம்.

காலை ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, வாழைப்பழம் நல்லது. களி வயிற்றில் கனமாக நிற்கும். அதை ஆட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் அன்று திரும்ப ஆடக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவனே 'ஒன்றுமில்லை சார்' என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

வெளியூர் ஆட்டத்துக்கான விடுப்புக் கடிதத்தை அட்டவணை நகலுடன் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பெற்றோர் மட்டும், கையெழுத்துப் போடும் முன் என்னை நேரில் பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்