சூடு எங்கே போகும், மாப்ளே?

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் கணினி விளையாட்டின் சேவ் ஃபைலை நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன், பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். புது வேலை ஒத்துப்போகிறது. வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டு அவிழ்த்ததும் முதலில் உன்னைத்தான் திட்டினார், எதற்கென்று உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் காலனியில் சமையலறை ஓரமாக இத்தனை ஃப்ரிட்ஜ் அடுக்கி வைத்திருக்கிறாயே, அதில் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக் குளிரவைக்கலாமே என்று கேட்டிருந்தாய். அது சாப்பாட்டுச் சாமானுக்கு உண்டானது, காலனியில் வேலை செய்யும் டூப்புகள் பாட்டிலை அதன் பக்கமே கொண்டுபோகாது. விளையாட்டின் விதியை மாற்றும் மாட் ஒன்றைப் போட்டால் வழிக்கு வரும் என்பாய். வரட்டும். ஒரு ஃப்ரிட்ஜின் கொள்ளளவு 100 கிலோ, உன் குழாயிலோ நொடிக்கு 10 கிலோ தண்ணீர் ஓடுகிறது. பத்து நொடி ஓடும் தண்ணீருக்கு ஒரு ஃப்ரிட்ஜ், அதற்கு 120 வாட் என்றால் எத்தனை வைப்பாய், எங்கே வைப்பாய்?

உன் தொல்லை தண்ணீரை எங்கே வைப்பது என்பதில்லை. கீசர் என்கிற வெந்நீர் ஊற்றிலிருந்து 95 டிகிரியில் வருவதை அப்படியே ப்ரிஸ்டில் பிளாசத்துக்கு விட்டிருக்கிறாய், அந்தச் செடி 30 டிகிரிக்கு மேல் தாங்காது. வலது கோடி வரிசை முழுக்க வாடித் தொங்குவதைப் பார்த்தேன். போதாததற்குத் தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் வேறு 70 டிகிரியில் ஆக்சிஜனைக் கக்கிக்கொண்டிருக்கிறது. இந்தச் சூட்டையெல்லாம் காலனியை விட்டு வெளியேற்றாமல் எதைக் குளிரவைத்தும் பயனில்லை.

அதற்கு அக்வாட்யூனர்தான் வழி, மாப்ளே. தண்ணீரோ எண்ணெயோ, உள்ளே போவது எதுவானாலும் 14 டிகிரி குறைத்து அனுப்பும், எடுத்த சூட்டைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். 95-லிருந்து 25-க்கு வர ஐந்து சுற்று. முழு வேகத்தில் தண்ணீர் ஓடினால் நொடிக்கு சுமார் 585 கிலோ டிடியு (விளையாட்டில் சூட்டை அளக்கும் அலகு) சூட்டை அது உறிஞ்சும், அந்த எண்ணைப் பார்த்தபிறகு ஃப்ரிட்ஜ் பேச்சை நீயே எடுக்கமாட்டாய். 1200 வாட் கேட்கும், ஆமாம். ஆனால் அதை நீராவி அறைக்குள் பூட்டி, மேலே ஸ்டீம் டர்பைனை உட்கார வைத்தால், 125 டிகிரிக்கு மேலான நீராவியை டர்பைன் இழுத்து 95 டிகிரித் தண்ணீராகத் திருப்பித் தரும். நடுவிலிருந்த சூடு காணாமல் போய்விடும், செலவான மின்சாரத்தில் ஒரு பங்கும் திரும்பி வரும். எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். எத்தனை முறை கட்டினாலும் அந்த டர்பைன் சுற்ற ஆரம்பிக்கும்போது ஒரு சந்தோஷம் வருகிறது பார்!

அக்வாட்யூனரை எஃகில் கட்டு, 325 டிகிரி வரை தாங்கும். அப்புறம், அதில் நல்ல தண்ணீரை ஓட்டாதே. கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்தால் குழாய்க்குள்ளேயே உறைந்து குழாய் உடைந்துவிடும். அழுக்குத் தண்ணீர் −20 டிகிரி வரை உறையாது, சூடு சுமப்பதில் இரண்டும் ஒன்றுதான். அதை மூடிய சுற்றாக ஓட்டி, குளிரவைக்க வேண்டிய தண்ணீர்த் தொட்டிக்குள் மட்டும் சூட்டை வேகமாகக் கடத்தும் ரேடியன்ட் குழாய் போடு, மற்ற இடமெல்லாம் சூட்டைத் தடுக்கும் இன்சுலேட்டட் குழாய். சாப்பாட்டுக்கும் இதே யோசனைதான். கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய ஒரு குழியை −18-க்குக் கீழே கொண்டுபோனால் சாப்பாடு கெடவே கெடாது. அங்கே பெட்ரோலியத்தை ஓட்டு, அழுக்குத் தண்ணீர் அந்தக் குளிரில் விளிம்பில் நிற்கும்.

இன்னொன்று. கடைசியில் "இந்தக் காலனியை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கப் போகிறேன்" என்று எழுதியிருந்தாய். வேலை போனதிலிருந்து நீ எதையுமே பாதியில் விட்டுவிடுகிறாய், சேவ் ஃபைல் வருவதும் விடியற்காலை மூன்று மணிக்கு. எனக்குக் கவலையாக இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலனியை அழிக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், சேர்ந்தே கட்டுவோம், வேலை விஷயமும் பேசவேண்டும், என் ஆபீசில் ஒரு இடம் காலியாகும்போலத் தெரிகிறது. அதற்குள் எஃகு மட்டும் 1200 கிலோ சேர்த்து வை. வாத்தியாருக்கும் ஒரு ஃபோன் போடு, திட்டட்டும் பரவாயில்லை.

உன்,
மாப்ளே