மழை தாண்டிய சாலைக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கணியம்பாடி ஒன்றியத்தில், திருவண்ணாமலை நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஊர்ச்சாலை ஒன்றில் டூவீலர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சாலையைச் சரிசெய்து முடித்தபோதே நன்றி எழுதச் சொன்னார்கள். மழை போகட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். தார் போட்ட மறுநாள் எந்தச் சாலையும் கறுகறுவென்று அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை தாண்டினால்தான் யார் எப்படி வேலை பார்த்தார்கள் என்று தெரியும். இந்தத் தடவை தாண்டிவிட்டது. அதனால் ஊர்க்காரர்கள் சார்பில் இந்த மடல்.

நன்றி நோட்டீஸ் அடித்தால் வழக்கமாக மேலே இருந்துதான் தொடங்குவார்கள். வெயிலில் நின்றவர்கள் கடைசி வரியில் "மற்றும் பலர்" ஆகிவிடுவார்கள். நான் அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன்.

நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்களே, முதல் நன்றி உங்களுக்கு. குழிக்கு ஒட்டுப்போடுவதை நாங்களும் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். டிராக்டரில் ஜல்லியைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், மேலே கொஞ்சம் தார் தெளிப்பார்கள், மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த மழைக்குக் குழி பழையபடி வாயைத் திறக்கும், ஜல்லி சாலை முழுக்க இறைந்து கிடக்கும். பைக்கில் போகிறவனுக்குக் குழியைவிட அந்த ஜல்லிதான் ஆபத்து, பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிவிடும். நீங்கள் வந்த அன்று குழியை மூடுவதற்கு முன்னால் இன்னும் பெரிதாக்கியதைப் பார்த்துக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். உதிர்ந்த ஓரத்தையெல்லாம் கடப்பாரையால் கொத்தி, நல்ல தளம் வரும்வரை சதுரமாக வெட்டினீர்கள். உள்ளே இருந்த மண்ணையும் தூசியையும் கம்பித் துடைப்பத்தால் கூட்டி எடுத்தீர்கள். எமல்ஷன் என்கிற, தண்ணீரில் கலந்த தாரைப் பூசி, அது கறுப்பாக மாறும்வரை பொறுத்திருந்தீர்கள். அதற்குப் பிறகுதான் தாரும் ஜல்லியும் சேர்ந்த கலவை இறங்கியது. சூடு ஆறிவிடக் கூடாது என்று லாரிக்குத் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுவந்திருந்தீர்கள். 150 டிகிரி வாக்கில் பிளான்டிலிருந்து கிளம்பும் கலவையை 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் ஓட்டி இறுக்கிவிட வேண்டும், ஆறிய பிறகு என்ன உருட்டினாலும் பிடிக்காது என்று ரோலர் ஓட்டுநர் அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். மதியம் சாப்பாடு வந்த பிறகும் நீங்கள் ஏன் உட்காரவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

உங்களில் சிலர் 2002-இல் வேலையிலிருந்து எடுக்கப்பட்டு 2006-இல் திரும்பச் சேர்க்கப்பட்டவர்கள். இடையில் போன அந்த 41 மாதத்தையும் பணிக்காலமாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஆர்ப்பாட்டம் நடத்துவதைச் செய்தியில் பார்த்திருக்கிறேன். நன்றி சொல்லும் இடத்தில் இதை ஏன் எழுதுகிறாய் என்று ஒருவர் கேட்டார். எழுத வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்களில் மூத்தவர் வந்த முதல் நாள் குழியைப் பார்க்கவே இல்லை. நேராகச் சாலை ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி போற வழியக் காணோமே நைனா, ரோட்டத் தின்றது அதான்" என்றார். நாங்கள் மனு எழுதிய காலமெல்லாம் தார், தார் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தோம். சாலை ஓரத்து மண் வருஷா வருஷம் ஏறி, தார்த்தளத்தைவிட உயரமாகிவிட்டிருந்தது. பக்கவாட்டுக் கால்வாயை வீட்டுக்கு ஒரு பாதை, கடைக்கு ஒரு சாய்தளம் என்று ஆளாளுக்கு மண் போட்டு மூடியிருந்தார்கள். மழைநீர் போக இடமில்லாமல் சாலை மேலேயே நின்றது. நிற்கிற தண்ணீர் மயிரிழை விரிசல் வழியாக உள்ளே இறங்கும். மேலே லாரிச் சக்கரம் ஏறும்போதெல்லாம் உள்ளே இருக்கிற தண்ணீர் அழுத்தப்பட்டு ஜல்லியிலிருந்து தாரைப் பிரிக்கும். ஒரு ஜல்லி கழன்றால் பக்கத்து ஜல்லிக்குப் பிடிப்பு இல்லை. அடியில் மண்ணும் ஊறிவிட்டால் தளமே உட்கார்ந்துவிடும். அடியில் ஓதம் ஏறும் சுவருக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பதைத்தான் நாங்கள் சாலைக்குச் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆகவே இந்த மடலின் பெரிய நன்றி, தண்ணீருக்கு வழி விட்டவர்களுக்கு.

பெட்டிக்கடை அக்கா, கடைக்கு முன்னால் சிமென்ட் போட்ட சாய்தளத்தை உடைக்கச் சொன்னபோது நீங்கள் போட்ட சத்தம் அடுக்கம்பாறை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் மறுநாள் காலையில் நீங்களே ஆள் வைத்து உடைத்தீர்கள். இப்போது கால்வாய்க்கு மேலே கடப்பைக்கல் போட்டிருக்கிறீர்கள். ஏறிவர முன்பைவிட வசதியாகவே இருக்கிறது.

தென்னந்தோப்புப் பெரியவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சிறுபாலத்தின் குழாய்க்குள் தேங்காய் மட்டை, தண்ணீர் பாட்டில், குவார்ட்டர் பாட்டில் எல்லாம் சேர்ந்து அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகு வெளியே வரும் தண்ணீர் போவதற்குப் பழைய வாய்க்கால் இல்லை. வரைபடத்தில் இருந்தது, தரையில் இல்லை. உங்கள் தோப்பு ஓரமாக வாய்க்கால் வெட்டச் சம்மதித்தீர்கள். தண்ணீர் ஏரிக்குப் போனால் என் கிணற்றுக்கும் நல்லதுதானே என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த ஓரத்தில் இரண்டு காய்ப்பு மரம் போனது எங்களுக்குத் தெரியும்.

வாய்க்காலைத் தூர் எடுத்தவர்கள் நூறு நாள் வேலைப் பெண்கள். இந்தப் பக்கத்து நூறு நாள் வேலைப் பெண்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாகநதிக்கு உயிர் கொடுக்க ஊர் ஊராக, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டுக் கிணறு கட்டியவர்கள். வாட்டம் சரியில்லை, இங்கே தேங்கும் என்று ஓர் இடத்தைக் காட்டி மறுபடி வெட்டவைத்தது அவர்கள்தான். அந்த இடத்தில் இந்த மழைக்குத் தண்ணீர் தேங்கவில்லை.

அடுத்து உதவிப் பொறியாளர் அம்மாவுக்கு. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார் என்பதால் போடவில்லை. பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போட்டுப் போட்டு எங்கள் தெருவில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு சுற்றறிக்கை அனுப்பியது எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, அதை நாங்கள் சொல்லாமலேயே நீங்கள் செய்தீர்கள். சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்க வேண்டும், ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம் போதும் என்று பலகை வைத்துப் பார்த்தீர்கள். ஓர் இடத்தில் சரியில்லை என்று சூடாக இருக்கும்போதே திரும்ப வாரிப்போடச் சொன்னீர்கள். ஒப்பந்தக்காரர் முகம் போன போக்கை நாங்கள் ரசித்தோம். ஆனால் முணுமுணுத்துக்கொண்டாவது செய்து கொடுத்தார், அவருக்கும் நன்றி.

எந்தச் சாலை யாருடையது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஐயாவை மறக்க முடியாது. வேலூரிலிருந்து தூத்துக்குடி போகும் 38-ஆம் எண் சாலை தேசிய நெடுஞ்சாலை, அதில் பிரச்சினை என்றால் 1033-க்கு அடிக்க வேண்டும். எங்கள் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையின் மாவட்ட இதர சாலை. அதிலிருந்து பிரியும் தெருக்கள் ஊராட்சியுடையவை. இது தெரியாமல் ஊரே தப்பான அலுவலகத்து வாசலில் காத்துக்கிடந்தது. அங்கே இருந்தவர்களும் இது எங்கள் சாலை இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மனுவை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரி, அந்தக் கதை இங்கே வேண்டாம். ஐயா சொன்ன பிறகு, நெடுஞ்சாலைத் துறை 2023-இல் கொண்டுவந்த 'நம்ம சாலை' செயலியில் குழிகளைப் படம் எடுத்துப் போட்டது ஷேர் ஆட்டோ தம்பிகள். அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விடியற்காலையில் வேலைக்குப் போகும் செவிலியர் ஒருவர், இருட்டில் தெரியட்டும் என்று குழியைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவைத்தார். எத்தனை பேர் விழாமல் தப்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நல்ல வேலையில் இது ஒரு கஷ்டம், கணக்கே வராது.

வார்டு உறுப்பினர் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. தளம் போட்ட கொஞ்ச நாளில் கேபிள் பதிக்க ஒரு கும்பல் இயந்திரத்தோடு வந்து நின்றது. அனுமதிக் கடிதம் எங்கே, வெட்டிய இடத்தைச் சரிசெய்யப் பணம் கட்டின ரசீது எங்கே என்று இவர் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். கடைசியில் சாலையை வெட்டாமல் அடியில் துளை போட்டுக் கொண்டுபோனார்கள். முடியும் என்றால் முதலிலேயே செய்திருக்கலாம் அல்லவா?

2021 நவம்பரில் பாலாறு பெருகி வந்தபோது விரிஞ்சிபுரம் தரைப்பாலம் போனது. சுற்றிச் சுற்றிப் போன நாட்களை அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். அவ்வளவு பெரிய வெள்ளத்தை யாராலும் தடுத்திருக்க முடியாது. எங்கள் சாலையைத் தின்றது அந்த மாதிரி வெள்ளம் இல்லை, முழங்கால்கூட நனையாத தண்ணீர்.

குழிதானே உனக்குச் சோறு போட்டது என்று என்னைக் கேலி செய்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ரிம் கோட்டம் எடுப்பதும் கோன்செட் மாற்றுவதும் ஃபோர்க் ஆயில் சீல் போடுவதும் குறைந்துவிட்டது உண்மைதான். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் வீட்டுக்காரி நம்பமாட்டாள். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் அன்றைய சம்பளத்தை எண்ணி என் கையில் கொடுக்கும்போது வாங்குவது சந்தோஷமான வேலை இல்லை. ஆயில் மாற்றவும் செயின் டைட் வைக்கவும் வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பாக்கி ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்து வேகத்தடைக்கு இன்னும் வெள்ளைக் கோடு போடவில்லை. பொங்கலுக்குள் போட்டுவிடுவதாகச் சாலை ஆய்வாளர் சொல்லியிருக்கிறார். அதுவரை செவிலியர் அம்மாவிடம் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது.

சாலைப் பணியாளர்கள் யார் எப்போது இந்தப் பக்கம் வந்தாலும், டிவிஎஸ் ஐம்பதோ சைக்கிளோ எதுவானாலும், என் கடையில் காற்றுக்கும் பஞ்சருக்கும் காசு கிடையாது. கடை காலை எட்டு மணிக்குத் திறப்பேன். ஞாயிறு மதியம் வரைதான்.

இப்படிக்கு,
ஊர்க்காரர்கள் சார்பில்,
டூவீலர் மெக்கானிக்,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.