எட்டாம் வகுப்புக்குப் பிறகும் எங்கள் மலைப் பெண் பிள்ளைகள் படிக்க விடுதி கோரும் மனு

அனுப்புநர்:
மலை ஊர்ப் பெற்றோர்கள் சார்பில்,
முன்னாள் விடுதி மாணவி, செவிலியர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: ஜவ்வாது மலையின் அணைக்கட்டு வட்டப் பகுதியைச் சேர்ந்த பழங்குடியின மாணவியர் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை தங்கிப் படிக்க, ஒடுகத்தூர் பகுதியில் விடுதி இடங்கள் ஏற்படுத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மலையாளி பழங்குடி இனத்தைச் சேர்ந்தவள். அணைக்கட்டு வட்டத்தில் மலைமேல் இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்து, இன்று வேலூர் நகரில் செவிலியராக வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் பெண் நான். ஆனால் எங்கள் வீட்டில் நன்றாகப் படித்தவள் நான் இல்லை, என் தங்கை. வாய்ப்பாட்டை ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்வாள். எனக்கு விடுதியில் இடம் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் இருவரின் வாழ்க்கையும் பிரிந்தது அந்த ஒரு இடத்தில்தான். அதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இந்த மனுவை எழுதுகிறேன்.

2002ஆம் ஆண்டு ஜூன் மாதம் என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க அப்பா வேலூருக்கு அழைத்து வந்தார். அப்போது எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஆசிரியர் ஒருவர் மூன்று முறை வீட்டுக்கு வந்து பேசிய பிறகுதான் அப்பா சம்மதித்தார். ஆயா (பாட்டி) மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. விடியும் முன்னே புறப்பட்டு மலை இறங்கினோம். என் தலையில் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் இரண்டு பாவாடை, ஒரு போர்வை, ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஆயா கட்டிக்கொடுத்த புளி. புளியை எதற்குக் கொடுத்தாள் என்று இன்றும் எனக்குத் தெரியாது. மலையிலிருந்து கொடுத்தனுப்ப அவளிடம் வேறு என்ன இருந்தது?

முதல் மாதம் முழுவதும் அழுதேன். அதை மறைத்து விடுதியின் பெருமையை மட்டும் எழுத என்னால் முடியாது. என்னோடு சேர்ந்த ஒரு பிள்ளை பதினோராம் நாள் யாரிடமும் சொல்லாமல் மலைக்கே நடந்து போய்விட்டாள். நான் பேசிய பேச்சைக் கேட்டு மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருநாள் குளியலறையில் நின்று அழுதுகொண்டிருந்தபோது பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர் என் கூந்தலை வாரிப் பின்னிவிட்டு, "இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து படி" என்றார். அவர் குடியாத்தத்துக்காரர், பீடி சுற்றும் குடும்பம். அன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள், அவர் போன பிறகும்கூட, படிப்பு நேரத்தில் அதே மூலையில்தான் உட்கார்ந்தேன்.

மாலை ஆறரை முதல் ஒன்பது வரை படிப்பு நேரம். மலையில் அந்த நேரத்துக்கு நான் ஆடு கட்டியிருப்பேன், தண்ணீர் கொண்டுவந்திருப்பேன், தம்பிக்குச் சோறு ஊட்டியிருப்பேன், சிம்னி விளக்கு அணைந்திருக்கும். விடுதியில் இரண்டரை மணி நேரம் என்னை ஒருவரும் எழுப்பவில்லை, வேலை ஏவவில்லை. ஏழைக் குடும்பத்துப் பெண் பிள்ளைக்கு அப்படி ஒரு நேரம் வாய்ப்பது எவ்வளவு பெரிய கொடை என்பது வாய்க்காதவர்களுக்குத்தான் தெரியும். அல்ஜீப்ராவை நான் வகுப்பில் கற்றதைவிட அந்தக் கூடத்தில்தான் அதிகம் கற்றேன். பக்கத்தில் இருப்பவள் காதோடு சொல்லிக் கொடுப்பாள், எனக்குத் தெரிந்ததை நான் அடுத்தவளுக்குச் சொல்வேன். என் துணியை நானே துவைத்தேன். மாதவிலக்கு என்றால் என்ன என்று பயமில்லாமல் எனக்குச் சொன்னவர் விடுதிச் சமையலம்மா. வாரம் தவறாமல் முட்டை சாப்பிட்டேன். வேறு ஊர், வேறு சாதி, வேறு மதத்துப் பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்தேன். இன்று நோயாளி எவராக இருந்தாலும் தயங்காமல் தொட்டுத் தூக்க முடிகிறதென்றால், அந்தப் பழக்கம் எனக்கு வந்தது அங்கேதான்.

இனி என் தங்கையின் கதை. நான் போன மறு ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளியை எட்டாம் வகுப்பு வரை உயர்த்தினார்கள். ஊரே மகிழ்ந்தது. அதனால் தங்கை மலையிலேயே எட்டுவரை படித்தாள். 2007இல் ஒன்பதாம் வகுப்புக்கு விடுதி கேட்டுப் போனபோது, ஆறாம் வகுப்பிலிருந்தே சேர்ந்த பிள்ளைகளால் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அப்பா சாதிச் சான்றுக்காக இரண்டு முறை இறங்கி ஏறினார். மூன்றாவது முறை போகவில்லை. தங்கை ஆட்டின் பின்னால் போனாள்.

2009ஆம் ஆண்டு கோடையில் நான் பன்னிரண்டாம் வகுப்பு தேறினேன். அதே கோடையில் அவளுக்குத் திருமணம் நடந்தது. வயது பதினாறு. அது சட்டத்துக்கு விரோதமானது என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன், தெரிந்தேதான் நடந்தது. படிக்காமல் வீட்டில் இருக்கும் வயதுவந்த பெண்ணை, கூலிக்குப் போகும் நாட்களில் யார் பொறுப்பில் விடுவது என்ற பயம்தான் அவசரத்துக்குக் காரணம். முதல் பிரசவத்துக்கு அவளை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தபோது இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஆறு, உயிருக்கே ஆபத்தான குறைவு. நான் அப்போது செவிலியர் படிப்பில் இருந்தேன். சீட்டில் எழுதியிருந்த அந்த எண்ணைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நான் படித்திருந்தேன், அவள் படித்திருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். பிழைத்துக்கொண்டாள்.

ஐயா/அம்மையீர், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளைகளைக் காக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்று அதன் விதிகள் சொல்கின்றன. எங்கள் ஊரில் சட்டமும் பள்ளியும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன: எட்டாம் வகுப்பில். அதற்குமேல் படிக்க மலை இறங்க வேண்டும். இறங்குவதற்கே மூன்று மணி நேர நடை, மழைக்காலத்தில் அதுவும் இல்லை. பாம்பு கடித்தால்கூட நேரத்துக்குக் கீழே கொண்டுவர முடியாத மலை இது. 2023 மே மாதம் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் சுமந்து நடந்த செய்தியைத் தாங்கள் அறிவீர்கள். இந்த வழியில் ஒரு பெண் பிள்ளை தினமும் பள்ளிக்குப் போய்வர முடியாது. எங்களுக்குப் பள்ளி என்பது கட்டடத்தில் தொடங்குவதில்லை, படுக்க ஒரு பாயில் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாமை அறுத்து முடிந்ததும் எங்கள் ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் போய்விடுவார்கள். பெற்றோர் போனால் பிள்ளையும் போகிறது. ஆண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்று, தரகர்கள் காட்டும் முன்பணத்துக்கு மயங்கி எங்கெங்கோ போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சுட்டுக்கொல்லப்பட்ட 20 பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அன்று எங்கள் மலையின் ஒவ்வொரு ஊரிலும், வேலைக்குப் போன மகனுக்கு என்ன ஆயிற்றோ என்று தாய்மார்கள் விடிய விடிய விழித்திருந்தார்கள். பிள்ளை விடுதியில் இருந்தால், பெற்றோர் எந்த ஊருக்குக் கூலிக்குப் போனாலும் அதன் படிப்பு நிற்காது.

பெண்ணுக்கு முதலில் தங்க இடம், பிறகு படிப்பு என்பது நம் மாநிலத்துக்குப் புதிதில்லை. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளைப் படிக்க வைத்தது அவர்களுக்குத் தங்குமிடம் கொடுத்துத்தான். இதே வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, வெளியூர்ப் பெண்கள் இங்கே வந்து தங்கிப் படித்தே மருத்துவரானார்கள்.

நம் மாவட்டத்தில் இருந்த வசதியும் குறைந்திருக்கிறது. 2019இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. அத்தனாவூரில் உள்ள ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியும் அதோடு போனது. வேலூர் மாவட்டத்தில் எஞ்சிய மலை எங்களுடையது. ஆட்கள் குறைவு என்பதால் எங்கள் குரலும் சிறிதாகவே கேட்கிறது. அரசு தரும் நல்ல திட்டங்கள் பல எங்கள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. எட்டில் நின்ற பிள்ளைக்கு இவற்றால் என்ன பயன்?

ஆகவே ஒடுகத்தூர் பகுதியில், மலைப் பழங்குடியின மாணவியருக்கென 9ஆம் வகுப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இடம் ஒதுக்கி, விடுதி வசதி செய்துதர வேண்டுகிறோம். ஆறாம் வகுப்பிலேயே இடங்கள் நிரம்பிவிடுவதால், ஒன்பதாம் வகுப்புக்கான இடங்கள் தனியாக இருப்பது மிக அவசியம். கட்டடம் கட்ட நாளாகும் என்பது தெரியும். அதுவரை வாடகைக் கட்டடத்திலாவது வரும் ஜூனில் தொடங்கலாம். மலைமேலேயே பள்ளியை உயர்த்தி விடுதி கட்டுவதென்றால் அதையும் மனமார ஏற்போம். வனநிலம் என்று தடை வந்தால், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையோடு பள்ளிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம் வழங்க வழி செய்கிறது. தீர்மானம் நிறைவேற்றித் தர ஊர் தயாராக இருக்கிறது.

சாதிச் சான்றுதான் பல பிள்ளைகளுக்கு முதல் முட்டுக்கட்டை. பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர் வழங்க வேண்டியிருப்பதால், மலை இறங்கிவந்து மனுக் கொடுத்துத் திரும்ப ஒரு நாள் கூலி போகிறது. ஏப்ரல் மாதத்திலேயே மலைமேல் ஒரு நாள் முகாம் நடத்தினால், எட்டாம் வகுப்பு முடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சான்று கையில் கிடைத்துவிடும்.

விடுதி நடக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பெண் காப்பாளர் இரவிலும் அங்கேயே தங்க வேண்டும். சுற்றுச்சுவரும் தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறையும் திறப்பு விழாவுக்கு முன்பே இருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதினால் போதாது. பிள்ளைகள் பேசத் தொலைபேசி ஒன்று வேண்டும், அதில் ஞாயிறுதோறும் வீட்டுக்கும் பேச வேண்டும். என்னோடு சேர்ந்து பதினோராம் நாள் ஓடிப்போன பிள்ளைக்கு அம்மாவின் குரல் ஒருமுறை கேட்டிருந்தால் தங்கியிருப்பாள் என்றே இன்றும் நம்புகிறேன். உணவுக்கென மாணவி ஒருவருக்கு மாதம் 1,400 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 50 ரூபாய்கூட வரவில்லை. வளரும் பெண்ணுக்கு அது போதாது என்பதை ஒரு செவிலியராகச் சொல்கிறேன். அதை உயர்த்த அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் சாமைச் சோறு போடுங்கள். எங்கள் பெண்கள் விளைவித்த சாமையை அவர்களிடமே வாங்கலாம். பிள்ளைக்கும் வீட்டுச் சோறு சாப்பிட்ட நினைவு இருக்கும்.

எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் வீடு வீடாகப் போய் எண்ணினேன். இந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் 11 பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பெற்றோரின் கையொப்பமும் கைரேகையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். நான்காவதாக இருக்கும் கைரேகை என் தங்கையுடையது. கையொப்பம் போடத் தெரிந்தவள்தான். சாமை குத்தியதில் வலதுகை விரல்கள் வீங்கியிருந்ததால் கைரேகை வைத்தாள். அவள் மகள் 13 வயதுப் பிள்ளை. வரும் ஏப்ரலில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். என்னுடைய டிரங்குப் பெட்டியை இப்போதே கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறாள்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் ஆணை பிறப்பிக்கத் தங்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலை ஊர்ப் பெற்றோர்கள் சார்பில்
(ஒப்பம்)

இடம்: வேலூர்
இணைப்பு: 11 மாணவியரின் விவரமும் பெற்றோர் கையொப்பங்களும்