இருபது முகமுள்ள தாயக்கட்டை

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து விருந்தில் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "புத்தகம் எழுதுகிறாய், சந்தோஷம். ஆனால் எப்போது பார்த்தாலும் மந்திரவாதி, டிராகன், மாயக்கோட்டை. பிள்ளைகளோடு உட்கார்ந்து அதையே விளையாடவும் செய்கிறாயாம். நம் மண்ணைப் பற்றி எப்போது எழுதப்போகிறாய் பாப்பா?" என்று கேட்டீர்கள். அதற்குள் வேன் கிளம்புகிறது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டீர்கள். கும்பகோணம் வந்து சேரும் வரை அந்தக் கேள்வியோடுதான் வந்தேன். வேறு பலரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லத் தோன்றியதில்லை. உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இதைத் தொடங்கி வைத்தவரே நீங்கள்தான். எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன், கேட்ட மற்றவர்களுக்கும் இதுவே பதிலாக இருக்கட்டும்.

நீங்கள் லஸ்கராக, மதகுகளைத் திறந்து மூடும் ஊழியராக, இருந்த காலத்தில் முழுப்பரீட்சை லீவுக்கு நாங்கள் உங்கள் குவார்ட்டர்ஸுக்குத்தான் வருவோம். மேட்டூரில் ஜனவரி 28-ஆம் தேதி மூடினால் ஜூன் 12-ஆம் தேதிதான் திறப்பார்கள் என்பது வழக்கம். அதனால் எங்கள் லீவு முழுக்க வெண்ணாறு மணலாகக் கிடக்கும். ஷட்டர் தண்டுகளுக்கு கிரீஸ் தடவி முடித்துவிட்டால் உங்களுக்கும் வேலை இருக்காது. மதகுப் பாலத்தின் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவோம். தாயம் விழாமல் காயை இறக்க விடமாட்டீர்கள். அழுதாலும் விடமாட்டீர்கள். ராத்திரியானால் அம்புலிமாமா. வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எங்களைப் பதில் சொல்லச் சொல்வீர்கள். ஆளுக்கு ஒரு முறை. ஐந்து வயதுத் தம்பியின் முறை வந்தால், அவன் யோசித்து முடிக்கும் வரை அரிக்கேன் வெளிச்சத்தில் எல்லோரும் பேசாமல் காத்திருக்க வேண்டும்.

என் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் நடப்பதும் அதுதான் மாமா.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி 1974-இல் வெளியிட்டது. ஒருவர் கதை சொல்வார். மற்ற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதைக்குள் ஒரு வேடம் உண்டு. "ஆற்றங்கரையில் நிற்கிறீர்கள், மதகுக்குக் கீழே ஏதோ மூச்சு விடுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நான் கேட்பேன். எட்டிப் பார்ப்பதா, ஓடுவதா, விளக்கேற்றுவதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். செய்வது எளிதில் முடிகிற காரியமில்லை என்றால் இருபது முகமுள்ள ஒரு கட்டையை உருட்ட வேண்டும். எளிய காரியத்துக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20 என்று ஓர் இலக்கு வைப்பேன். விழுந்த எண்ணோடு அந்த வேடத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, இலக்கைத் தொட்டால் காரியம் முடிந்தது. தொடாவிட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் எழுந்து போவதில்லை.

அந்தக் கட்டை தபாலில் வந்து சேரும் வரை நீங்கள் கொடுத்த பித்தளைத் தாயக்கட்டைகளை வைத்துத்தான் ஆடினோம். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. ஒரு நாள் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கட்டையில் வெறுமுகம், ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு பக்கம். இரண்டு கட்டைகளையும் சேர்த்தால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டு விதமாக வரும், மூன்று என்ற எண் நான்கு விதமாக வரும், இரண்டும் வெறுமுகமாக விழும் பன்னிரண்டு ஒரே ஒரு விதமாகத்தான் வரும். இருபது முகக் கட்டையிலோ ஒன்றும் இருபதும் ஒரே அளவு அரிது. "நம் கட்டையில் நடு எண்கள்தான் அடிக்கடி விழும், அதனால்தான் பன்னிரண்டு விழுந்தால் தாத்தா கத்துகிறார்" என்றாள். ஆமாம், நீங்கள் கத்துவீர்கள்.

இப்போது நடக்கும் கதை ஒரு கடைமடைக் கிராமத்தில் தொடங்கியது. மேலே தண்ணீர் திறந்து இருபது நாள் ஆகியும் வாய்க்கால் நனையவில்லை. நாற்றங்கால் வெடிக்கிறது. என் இரண்டு பிள்ளைகள், தெருவிலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் என ஐந்து பேர் ஆற்றோடு மேலே நடந்து காரணத்தைத் தேட வேண்டும். தலைப்பு மதகுக்கு அடியில் ஒரு பூதம் படுத்து ஆற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. சண்டைக்கு எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். பூதத்தின் பலம், அதன் கை எவ்வளவு தூரம் நீளும், தோற்றால் எங்கே மறையும் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேன்.

சின்னவனுடைய முறை வந்தது. அவனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கமாட்டான். வேடம் பரிசல்காரன். கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பூதத்தைப் பார்த்துக் கேட்டான்: "உனக்கு எத்தனை நாளாகத் தாகம்?"

என் நான்கு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. பூதத்துக்குத் தாகம் இருக்கும் என்றே நான் நினைத்துப் பார்க்கவில்லை. உருட்டச் சொன்னேன், பதினேழு விழுந்தது. பூதம் எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கியது. அதற்கு நான் கொடுத்த குரல் எனக்கே புதியதாக இருந்தது. அன்று ராத்திரி ஒன்பதரை வரை சண்டை நடக்கவில்லை, பேச்சுவார்த்தைதான் நடந்தது. கடைசியில் சின்னவன் நோட்டில் எழுதிக் காட்டினான்: ஆறு நாள் ஊருக்கு, ஆறு நாள் பூதத்துக்கு, முறை வைத்து. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் நீங்கள் முறை வைத்துத் திறந்த கதையை அவனிடம் எப்போது சொன்னீர்கள் மாமா? நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து முறை என்ற சொல் என்னை விடவில்லை. வயலுக்குத் தண்ணீர் வருவதும் முறை, ஆட்டத்தில் கட்டை நம் கைக்கு வருவதும் முறை, உங்களை மாமா என்று கூப்பிடுவதும் முறை.

எழுத்தாளராக எனக்கு அந்தச் சனிக்கிழமை கொடுத்தது பெரியது. நாவல் எழுதும்போது எல்லாம் என் கையில் இருக்கிறது. நான் நினைத்தால் பூதம் சாகும், நினைத்தால் பிழைக்கும். மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டால் அந்த அதிகாரம் போய்விடுகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. மறுநாள் காலையில் ஒரு வருடமாக நகராமல் கிடந்த நாவலின் ஏழாவது அத்தியாயத்தை எடுத்தேன். அதிலும் ஒரு பகைவன் இருந்தான். அவனுக்கு என்ன தாகம் என்று நான் கேட்டதே இல்லை.

இரவில் படுக்கும் முன் பிள்ளைகளுக்கு நாவல்கள் படித்துக் காட்டுகிறேன், அப்போதைக்கப்போது தமிழாக்கி. டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைதான் 1937-இல் 'ஹாபிட்' என்று புத்தகமானது. உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். 1968-இல் அவர் எழுதிய நாவலில் மந்திரம் என்பது ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிவதுதான். பெயர் தெரிந்தால் அது கட்டுப்படும். அதைப் படித்த இரவு மூத்தவள், "தாத்தாவுக்கு எல்லா வாய்க்காலின் பெயரும் தெரியும்" என்றாள். நான் விளக்கை அணைத்த பிறகும் அவள் தூங்கவில்லை. கோரையாறு, பாமணியாறு, அரிச்சந்திரா நதி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் மண்ணைப் பற்றி எழுதுவதென்றால் வரப்பும் கடனும் பட்டுப்போன பயிரும் மட்டும்தான் என்று யார் முடிவு செய்தார்கள்? அவற்றை எழுதியவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் காவிரி கடலில் சேரும் புகாரைப் பாடிய மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். ஒரு தெய்வம் ஒரு பெண்ணைக் கடல் நடுவே ஒரு தீவுக்குத் தூக்கிப்போகிறது. அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது: வேற்றுருவம் கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசியைப் போக்க ஒன்று. முதல் இரண்டும் எந்த நாட்டு மாயக்கதையிலும் கிடைக்கும். மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியும் அவள் கைக்கு வருகிறது, அதைக் கொண்டு ஊரின் பசியை ஆற்றுகிறாள். இந்திர விழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று அதே காப்பியம் சொல்கிறது. நெல் விளைகிற ஊர் கனவு கண்டால் இப்படித்தான் காணும். அகத்தியர் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்துக் காவிரி வந்தாள் என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். அந்த வரிசையில் கடைசியில் நின்று எழுதுகிறேன். என் டிராகன் கோடையில் மணலுக்கடியில் தூங்கும், ஜூன் மாதம் விழிக்கும். அது எந்த ஊர் டிராகன் என்று நினைத்தீர்கள்?

பிள்ளைகள் வரும் மே மாதம் உங்களிடம் வரத் துடிக்கிறார்கள். இருபது முகக் கட்டையையும் கொண்டு வருவார்கள். உங்களுக்கு லஸ்கர் வேடம் என்று இப்போதே முடிவு செய்துவிட்டார்கள், மறுக்க வழியில்லை.

அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். பூதத்தோடு போட்ட ஒப்பந்தப்படி இந்தச் சனிக்கிழமை ராத்திரியோடு ஊருக்கான ஆறு நாள் முடிகிறது, ஷட்டரை இறக்க வேண்டும். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு மாதிரி ஒரு இடத்தில், இருட்டில், ஆறு நிறையத் தண்ணீர் போகும்போது ஷட்டரைக் கையால் இறக்க எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று சின்னவன் கேட்கச் சொன்னான். வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்யுங்கள். அவனே எடுப்பான்.

அன்புடன்,
பாப்பா